யூக்கா அந்துப்பூச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூச்சிகளைப் பற்றிப் பேச்செடுக்கும் இடங்களிலெல்லாம் நான் எப்படியாவது இந்த வெள்ளைப் பூச்சியிடம் வந்துவிடுகிறேன். வந்ததும் அதே கேள்விகள்தான் எழுகின்றன. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதற்குப் பதிலாக இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

யூக்கா அந்துப்பூச்சி என்பது எது? அந்து என்றால் நெல்லில் வருவதுதானே?

நெல்லில் வரும் அந்தும் இதுவும் ஒரே பெரும் வகுப்பு, ஆனால் தூரத்து உறவு. இங்கே நான் சொல்வது வட அமெரிக்காவின் பூச்சி. அறிவியல் பெயர் டெகெடிகுலா யூக்காசெல்லா. இறகை விரித்தால் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் இருக்கும். முன்னிறகுகள் பளிச்சென்ற வெள்ளை, பின்னிறகுகள் பழுப்பு கலந்த சாம்பல். யூக்காவின் பூவும் வெள்ளை என்பதால், பகலில் பூவுக்குள் ஒடுங்கிக்கொண்டால் கண்ணெதிரே இருந்தாலும் தெரியாது.

பார்வைக்கு இவ்வளவுதான். ஆனால் பெண் பூச்சியின் வாயருகே, பூச்சியுலகில் இதற்கும் இதன் நெருங்கிய உறவினங்களுக்கும் மட்டுமே வாய்த்த ஓர் உறுப்பு உண்டு. யானையின் துதிக்கையைப் போலச் சுருட்டவும் நீட்டவும் முடிகிற இரண்டு சின்னஞ்சிறு கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண் பூச்சிக்கு அவை கிடையாது. கதை முழுவதும் அந்தக் கைகளைப் பற்றியதுதான்.

யூக்கா என்றால் மரவள்ளிக்கிழங்கு இல்லையா? அமெரிக்கக் கடையில் அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

கடையில் இருந்தது யூகா. இது யூக்கா. கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள் மரவள்ளியை அழைத்த சொல்லைப் பழைய ஐரோப்பியத் தாவரவியலாளர்கள் தவறுதலாக இந்தச் செடிக்கு ஏற்றிவிட்டார்கள். பிறகு லின்னேயஸும் அதையே அறிவியல் பெயராக நிலைநிறுத்திவிட்டார். யூக்காவின் வேரைத் தோண்டி வேகவைத்துத் தின்றுவிடாதீர்கள். அது சோப்பு போல நுரைக்கும். அமெரிக்கப் பழங்குடி மக்கள் அந்த வேரைத் தலைக்கும் துணிக்கும் தேய்த்தார்கள். இலை நாரில் கயிறு திரித்தார்கள், செருப்பும் பின்னினார்கள்.

நமக்குத் தெரிந்த செடிகளில் இதன் நெருங்கிய உறவு ரயில் பாதையோரம் வேலியாக நின்ற ரயில் கற்றாழை. இரண்டும் ஒரே துணைக்குடும்பம், இரண்டுக்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். யூக்காவும் அதைப் போலவே வாள் இலைகளைக் கொத்தாக விரித்து, நடுவிலிருந்து ஆளுயரத் தண்டு ஒன்றை எழுப்பிப் பூக்கும். வேறுபாடு என்னவென்றால் ரயில் கற்றாழை ஒருமுறை பூத்துச் செத்துவிடும். யூக்கா இனங்களில் பெரும்பாலானவை பூத்த பிறகும் பிழைத்திருக்கும்.

எந்தெந்தச் செடிகளில் இந்தப் பூச்சி வாழ்கிறது?

யூக்காவை விட்டால் இதற்கு வேறு கதி இல்லை. அமெரிக்காவின் தென்கிழக்கில் வளரும் யூக்கா ஃபிலமென்டோசாவும், நடுவிலுள்ள பெரும்புல்வெளிகளில் வளரும் யூக்கா கிளாக்காவும் முக்கியமான உணவுச்செடிகள். டெக்சஸ் பக்கம் இன்னும் சில உண்டு. முதலில் சொன்ன செடியின் இலை விளிம்பில் வெள்ளை நூல் பிரிந்து தொங்கும், அதை வைத்து எளிதாக அடையாளம் காணலாம். அழகுக்காக அதை வட மாநிலத் தோட்டங்களிலும் நட்டார்கள். பூச்சியும் பின்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒரு காலத்தில் யூக்கா அந்துப்பூச்சி என்றால் பெரும்பாலும் ஒரே இனம் என்றுதான் நினைத்திருந்தார்கள். ஓல்லெ பெல்மிர் என்ற ஆய்வாளர் 1999-இல் அந்த ஒற்றைப் பெயருக்குள் ஒளிந்திருந்த பல இனங்களைப் பிரித்துக் காட்டினார். இப்போது டெகெடிகுலா பேரினத்தில் ஏறக்குறைய இருபது இனங்கள். அவற்றில் சில ஒரே ஒரு யூக்காவை மட்டுமே நம்பியிருக்கின்றன.

அப்படி என்னதான் செய்கிறது?

மே கடைசி, ஜூன் என்று யூக்கா பூக்கும் நாட்களில் பூச்சி மண்ணுக்குள்ளிருந்து வெளியே வருகிறது. ஆணும் பெண்ணும் கூடுவதும் பூவுக்குள்தான். வளர்ந்த பூச்சி எதையும் உண்பதில்லை. அதன் ஆயுள் சில நாட்களே.

கூடி முடித்த பெண், பூவின் மகரந்தத்தாளில் ஏறுகிறது. யூக்காவின் மகரந்தம் தூளாகப் பறக்காது, பிசுபிசுவென்று ஒட்டும். அந்த இரண்டு கைகளாலும் அதைச் சுரண்டிச் சேர்த்து, உருட்டி, தலைக்கு அடியில் ஓர் உருண்டையாக இடுக்கிக்கொள்கிறது. ஒரு சுமையில் பத்தாயிரம் மகரந்தத் துகள்கள் வரை இருக்கலாம். சுமந்துகொண்டு பறந்து, பெரும்பாலும் வேறொரு செடிக்குப் போகிறது.

அங்கே புதிதாக மலர்ந்த பூ ஒன்றைத் தேர்ந்து, உள்ளே நுழைந்து சூலகத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கிறது. திருப்தி என்றால் வயிற்று முனையிலுள்ள ஊசி போன்ற உறுப்பால் சூலகத்தின் சுவரைத் துளைத்து, இளம் விதைகளை ஒட்டி ஒரு முட்டையை வைக்கிறது. அடுத்ததாகச் செய்வதுதான் ஆச்சரியம். முட்டை வைத்த கையோடு சூலகத்தண்டின் உச்சிக்கு ஏறிப்போய், உருண்டையிலிருந்து கொஞ்சம் மகரந்தத்தைக் கிள்ளியெடுத்து, சூலகமுடியின் குழிக்குள் திணிக்கிறது. தலையை மேலும் கீழும் ஆட்டி ஆட்டி, உரலில் இடிப்பதுபோல உள்ளே தள்ளுகிறது. இறங்குகிறது, இன்னொரு முட்டை. மீண்டும் ஏறுகிறது, இன்னொரு கிள்ளு மகரந்தம்.

தேன் குடிக்க வரும்போது உடம்பில் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதானே? தேனீயும் அதைத்தானே செய்கிறது?

இல்லை, அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதினேன். தேனீ தன் பசிக்கு வருகிறது. மகரந்தம் சேர வேண்டிய இடம் சேர்வது அந்த வருகையின் உபவிளைவு. இந்தப் பூச்சிக்குப் பூவில் சாப்பிட ஒன்றுமில்லை. மகரந்தத்தை எடுப்பது, சுமப்பது, வைப்பது மூன்றுமே தனித்தனி வேலைகள். அதற்கென்று தனி உறுப்பு, தனி அசைவு. பூச்சிக்கு இதெல்லாம் தெரிந்து செய்கிறதா என்று கேட்காதீர்கள். தெரிய வேண்டிய தேவையே இல்லை. மகரந்தம் வைக்காத தாயின் புழுக்களுக்கு விதை கிடைத்திருக்காது, வைத்த தாயின் வம்சம்தான் தழைத்தது. பரம்பரை பரம்பரையாக அந்த வடிகட்டல் நடந்திருக்கிறது. யூக்காவும் பூச்சியும் இப்படிக் கூட்டுச் சேர்ந்து ஏறக்குறைய நான்கு கோடி ஆண்டுகள் ஆகின்றன என்பது மரபணு ஆய்வுகளின் கணிப்பு.

விதையைப் புழு தின்றுவிட்டால் செடிக்கு என்ன லாபம்?

எல்லா விதையையும் தின்பதில்லை. சூலகத்துக்குள் ஆறு வரிசைகளில், நாணயங்களை அடுக்கியதுபோல விதைகள் இருக்கும். ஒரு புழு தன் வரிசையில் சிலவற்றைக் குடைந்து தின்று வளர்ந்துவிடும். மீதி கறுத்துத் தட்டையாக முற்றி உதிரும். அறுவடையில் ஒரு பங்கைக் கூலியாக அளந்து கொடுப்பது போலத்தான். பூச்சி வராவிட்டால் கூலியும் இல்லை, அறுவடையும் இல்லை.

கூலிக்காரன் கூடுதலாக அள்ளிக்கொண்டால்? பூச்சி நூறு முட்டை வைத்தால் யார் கேட்பது?

செடியே கேட்கும். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

யூக்கா தன்னால் காய்க்க முடிந்ததைவிட மிக அதிகமாகப் பூக்கிறது. பெரும்பாலான பூக்கள் சில நாட்களில் உதிர்ந்துவிடும். எவை உதிர்கின்றன என்று பெல்மிரும் ஹூத்தும் யூக்கா ஃபிலமென்டோசாவில் கணக்கெடுத்து 1994-இல் வெளியிட்டார்கள். முட்டை மிகுதியாக ஏற்றப்பட்ட பூக்களையும் மகரந்தம் குறைவாகப் பெற்ற பூக்களையும் செடி அதிகமாக உதிர்த்துவிடுகிறது. பூ விழுந்தால் உள்ளிருக்கும் முட்டையும் புழுவும் அதோடு சாகும். பேராசைப்பட்ட தாய்க்கு வாரிசு மிஞ்சாது. உழைப்பில் ஏய்த்தவளுக்கும் அதே கதிதான்.

பூச்சி தன் பங்குக்கு முன்னெச்சரிக்கையாக இருக்கிறது. முட்டை வைத்த பூவில் ஒரு வாசனையை விட்டுச் செல்கிறது. அடுத்து வருகிற பெண் அதை முகர்ந்து, ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று அறிந்து, பெரும்பாலும் வேறு பூவுக்குப் போகிறது, அல்லது குறைவாக முட்டையிடுகிறது. பாடப்புத்தகங்களில் இதை நட்பு என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. இரண்டு பக்கமும் கணக்குப்பிள்ளை வைத்து நடத்தும் பங்குத் தொழில் என்றால் பொருந்தும்.

அப்படியானால் ஏமாற்றவே முடியாதா?

முடியும். டெகெடிகுலா இன்டர்மீடியா, டெகெடிகுலா கரப்ட்ரிக்ஸ் என்று இரண்டு இனங்கள் உண்டு. இவை மகரந்தம் சுமந்த மூதாதைகளின் வழிவந்தவை. இப்போது இவற்றுக்கு அந்தக் கைகளும் இல்லை, சுமக்கும் வேலையும் இல்லை. மற்ற பூச்சி உழைத்து, பூ காயாகி, செடி உதிர்க்கும் கட்டம் தாண்டிய பிறகு வந்து காயில் முட்டையிடுகின்றன. தணிக்கை முடிந்த பிறகு கல்லாவில் கைவைப்பது போல.

புரோடாக்சஸ் என்ற இன்னொரு பேரினமும் உண்டு, அதைப் போலி யூக்காப் பூச்சி என்பார்கள். அதன் பல இனங்களின் புழுக்கள் விதையைத் தொடாமல் பூத்தண்டுக்குள் வளர்கின்றன. பெயர்தான் போலி. அதனால் செடிக்குப் பெரிய இழப்பில்லை.

இதையெல்லாம் முதலில் கண்டவர் யார்?

செயின்ட் லூயிஸ் நகரில் ஜார்ஜ் எங்கல்மான் என்ற மருத்துவர் இருந்தார். ஜெர்மனியில் பிறந்தவர், தாவரவியலில் ஊறியவர். யூக்காவின் மகரந்தம் தானாகச் சூலகமுடிக்குப் போய்ச் சேர வழியே இல்லை, ஏதோ பூச்சி வேண்டும் என்று 1872-இல் அவர் கண்டார். பூக்களுக்குள் ஒரு வெள்ளைப் பூச்சி திரிவதைப் பார்த்து, மிசௌரி மாநிலப் பூச்சியியலாளரான சார்லஸ் வாலன்டைன் ரைலியிடம் சொன்னார். ரைலி இரவு இரவாக விளக்கோடு செடியருகே நின்று கவனித்து, அதே ஆண்டில் பூச்சிக்குப் பெயரிட்டு, அது செய்வதையும் எழுதினார்.

டார்வினுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. இதுவரை வெளியான மகரந்தச் சேர்க்கைச் செய்திகளிலேயே வியப்பானது இதுதான் என்று 1874-இல் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டார். எல்லோரும் அப்படி ஏற்றுக்கொள்ளவில்லை. பூச்சியின் வாயில் கைகளே இல்லையே என்று சிலர் மறுத்தார்கள். அவர்கள் கையில் இருந்தது மேலே சொன்ன போலிப் பூச்சி! ரைலி அந்தப் போலிகளில் ஒன்றுக்கு டெசிபியன்ஸ் என்று பெயர் வைத்தார். லத்தீனில் ஏமாற்றுவது என்று பொருள். பூச்சியைத்தான் சொன்னாரா, ஏமாந்தவர்களையும் சேர்த்துச் சொன்னாரா என்று நான் அடிக்கடி நினைத்துச் சிரித்ததுண்டு.

ரைலியைப் பற்றி ஒரு கிளைக்கதை. கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை வெள்ளைச் செதில்பூச்சி அழித்தபோது, ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பொறிவண்டை வரவழைத்து 1888-89-இல் அதை அடக்கிய முயற்சிக்குப் பின்னால் இருந்தவரும் இவரே. பிற்காலத்தில் நீலகிரியின் வாட்டில் மரங்களில் அதே செதில்பூச்சி தொற்றியபோது, அதே வண்டைத்தான் இங்கும் கொண்டுவந்து விட்டார்கள். 1895-இல் வாஷிங்டனில் சைக்கிளிலிருந்து விழுந்து ரைலி இறந்தார்.

ஓர் ஆண்டு யூக்கா பூக்கவே இல்லை என்றால் பூச்சி இனமே போய்விடுமா?

போகாது. வளர்ந்த புழு காயைத் துளைத்து வெளியேறி மண்ணில் இறங்கி, பட்டுக்கூடு கட்டிக்கொண்டு புழுவாகவே உறங்குகிறது. அடுத்த வசந்தத்தில்தான் கூட்டுப்புழுவாகிப் பூச்சியாகும். எல்லாப் புழுக்களும் அடுத்த ஆண்டே எழுந்துவிடுவதில்லை. சில இரண்டு மூன்று ஆண்டுகள் கூடத் தள்ளிப்போடும்.

இந்த உறக்கத்தில் போலிப் பூச்சி இனம் ஒன்று எல்லோரையும் தோற்கடித்துவிட்டது. கலிபோர்னியாவின் பெர்க்கலியில் ஜெர்ரி பவல் வைத்திருந்த புரோடாக்சஸ் வை-இன்வெர்சஸ் புழுக்களில் சில, 20, 25, 30 ஆண்டுகள் கழித்துப் பூச்சியாக வெளிவந்தன. சேகரித்தவருக்கு முடி நரைத்துவிடும், புழு அப்போதுதான் கண் விழிக்கிறது.

ஜோஷுவா மரத்துக்கும் இதே பூச்சியா?

இதே பேரினம், வேறு இனங்கள். மொஹாவே பாலைவனத்தின் ஜோஷுவா மரமும் ஒரு யூக்காதான். மேற்குப் பகுதி மரங்களுக்கு டெகெடிகுலா சின்தெடிகா, கிழக்குப் பகுதி மரங்களுக்கு டெகெடிகுலா ஆன்டிதெடிகா. இரண்டாவதை 2003 வரை தனி இனமாக யாரும் பெயரிடவில்லை. இருவகை மரங்களின் சூலகத்தண்டின் நீளம் வேறு. அதற்கேற்பப் பூச்சிகளின் உடல் அளவும் வேறு. நெவாடாவின் டிக்காபூ பள்ளத்தாக்கில் மட்டும் இரண்டு மரமும் இரண்டு பூச்சியும் கலந்து வாழ்கின்றன. பூச்சியும் மரமும் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்பதைப் பார்க்க ஆய்வாளர்கள் அங்கே குவிவதில் வியப்பில்லை.

நம் ஊர்ப் பூங்காவில் யூக்கா பூக்கிறது, காய்ப்பதில்லை. நோயா?

நோயில்லை, பூச்சி இல்லை. செடியைக் கப்பலேற்றியவர்கள் பூச்சியை ஏற்றவில்லை. அதனால் இங்கே பக்கக்கன்றையோ தண்டையோ நட்டுத்தான் பெருக்குகிறார்கள். காய் வேண்டுமென்று பிடிவாதமாக இருந்தால் பூச்சியின் வேலையை நீங்களே செய்யலாம். மெல்லிய குச்சியில் மகரந்தத்தை எடுத்து, இன்னொரு செடியின் பூவில், சூலகமுடியின் குழிக்குள் நன்றாக அழுத்துங்கள். மேலே தடவினால் போதாது. செய்து பாருங்கள், அந்தப் பூச்சியின் மேல் மரியாதை வந்துவிடும்.

ஒரு விதிவிலக்கு: யூக்கா அலோய்ஃபோலியா. ஐரோப்பியத் தேனீ அதன் பூவில் நுழைந்தாலே சில இடங்களில் காய் பிடிக்கிறது. இந்த இனம் பங்குத் தொழிலிலிருந்து மெல்ல விலகிக்கொள்கிறது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் இதைப் போன்ற கூட்டு இல்லையா?

அத்தி இருக்கிறதே. ‘அத்தி பூத்தாற்போல’ என்கிறோம். அத்தி பூக்காமல் இல்லை, காய்க்குள்ளே பூக்கிறது. கடுகளவுக் குளவி ஒன்று உள்ளே நுழைந்து முட்டையிட்டு மகரந்தமும் சேர்க்கிறது. அந்துப்பூச்சியே வேண்டுமென்றால், நெல்லியும் கீழாநெல்லியும் சேர்ந்த குடும்பத்தில் குளோக்கிடியான் என்ற மரவகை உண்டு. அதன் பூவுக்கு எபிசெபாலா என்ற நுண்ணிய அந்துப்பூச்சி இதே போல வேண்டுமென்றே மகரந்தம் வைக்கிறது என்று 2003-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். யூக்காவுக்கும் அதற்கும் எந்த உறவுமில்லை. இரண்டு கண்டங்களில் தனித்தனியாக உருவான ஒரே தந்திரம்.

அமெரிக்காவில் என் வீட்டு யூக்காக் காய்களில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

எதுவும் வேண்டாம். அந்த ஓட்டை புழு வெளியேறிய வாசல். காயின் நடுவில் இடுப்புப் பிடித்தாற்போல ஒடுங்கியிருந்தால் அது தாய்ப்பூச்சி துளைத்த தழும்பு. இரண்டும் உங்கள் செடிக்குப் பங்காளி வந்து போனதற்கு அடையாளம். காய் முற்றி வெடிக்கும்வரை தண்டை வெட்டாதீர்கள். செடியின் அடி மண்ணை ஆழமாகக் கிளறாதீர்கள், உறங்குகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

பூச்சி அழியும் நிலையில் இருக்கிறதா?

அமெரிக்காவில் பரவலாகவே இருக்கிறது. கனடாவில் நிலைமை வேறு. அங்கே ஆல்பர்ட்டா மாநிலத்தின் தென்கோடியில், யூக்கா கிளாக்கா இயற்கையாக வளரும் மிகச் சில இடங்களில் மட்டுமே வாழ்கிறது. அழியும் ஆபத்திலுள்ள இனம் என்று அந்நாடு பட்டியலிட்டிருக்கிறது. மான்கள் பூத்தண்டை மேய்ந்துவிட்டால் அந்த ஆண்டு முட்டையிட இடமே இருக்காது. உறங்கிக்கொண்டிருக்கும் புழுக்களை நம்பித்தான் காலம் ஓடுகிறது. வேடிக்கை என்னவென்றால், ஏமாற்றுக்கார இனமான கரப்ட்ரிக்ஸும் அதே பட்டியலில் இருக்கிறது. உழைக்கிறவன் இல்லாவிட்டால் திருடனுக்கும் பிழைப்பில்லை.

எப்படிப் பார்ப்பது?

யூக்கா பூத்திருக்கும் இடம் தெரிந்தால் போதும். பகலில் தொங்கும் பூ ஒன்றை மெல்லத் தூக்கி உள்ளே பாருங்கள். அடியில் தலையைச் செருகிக்கொண்டு உமி போல ஒரு வெள்ளைத் துணுக்கு தெரியும். வேலை செய்வதைப் பார்க்க இருட்டிய பிறகு போக வேண்டும். சிவப்புத் தாள் சுற்றிய டார்ச் நல்லது. முதலில் ஒன்றும் தெரியாது. பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். தலைக்கு அடியில் மஞ்சள் உருண்டையோடு ஒருத்தி வந்து இறங்குவாள். சூலகத்தைச் சுற்றி நடப்பாள், அடியில் சிறிது நேரம் நிலைத்து நிற்பாள். பிறகு மேலே ஏறுவாள். அப்போது மூச்சு விடாமல் பாருங்கள், தலை ஆடத் தொடங்கும்.